கதை சொல்பவர் யார்?

நாவலின் முதல் பக்கத்தைத் தாண்டிக் கதைக்குள் ஓடிவிடுவது நம்மில் பலருக்கு வழக்கம். இராயபுரத்தில் என்னிடம் பயிலும் மாணவர்களும் இதற்கு விலக்கல்லர். ஆயினும், எவரை நம்பிக் கதை கேட்கப் போகிறோம் என்பது தெரிவது அந்தப் பக்கத்திலேதான்.

டிக்கன்ஸின் ‘டேவிட் காப்பர்பீல்டு’ (1850), வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ (1879) ஆகிய இரண்டிலும் கதாநாயகனே தன் பிறப்பைக் கூறித் தொடங்குகிறான். தான் பிறந்ததைத் தானே கண்டவர் உலகில் உண்டோ? பிறர் சொல்லக் கேட்டதே என்று டேவிட் ஒப்புக்கொள்கிறான்.

டிக்கன்ஸ் இளமையில் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதியவர். பிள்ளையவர்கள் மாயூரத்தில் முன்சீபாக இருந்தவர். வாக்குமூலம் கேட்டுப் பழகிய இருவரும் நாயகனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, நம்மை நீதிபதியின் ஆசனத்தில் அமர்த்திவிடுகிறார்கள்!

1893-இல் ‘விவேக சிந்தாமணி’யில் ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதத் தொடங்கிய ராஜமய்யரோ வேறு வழி கண்டார். அங்கே சாட்சி இல்லை. கதைக்கு வெளியே நிற்கும் ஆசிரியரே ஊரையும் மனிதரையும் நமக்குக் காட்டுகிறார். அவர் கண்ணே நம் கண்.

“சொல்பவர் யார்? அவருக்கு எப்படித் தெரியும்?” என்று நாவலின் வாயிலில் கேட்கப் பழகிய பிள்ளை, நாளை பத்திரிகைச் செய்தியிலும் மேடைப் பேச்சிலும் எளிதில் ஏமாறாது. முதல் பக்கத்தைத் தாண்டாதீர்கள்.