தட்டில் எடுத்த அட்டை ஞானமாகாது

கிறிஸ்தவர் அல்லாத பிள்ளைகளுக்கு இது எங்கள் வீட்டுச் சண்டை மாதிரி தெரியும். ஆனாலும் படியுங்கள், பட்டாசுத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் இதில் பங்கு உண்டு.

போன வாரம் காரியாபட்டியில் என் வீட்டுக்கு ஒரு மாணவன் வந்தான். எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் என்னிடம் கணக்குப் படித்தவன். இப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்தவன். தீபாவளி சீசனுக்கு நாலு அறைகளை உள்குத்தகைக்கு எடுக்கப் போகிறானாம். லைசென்ஸ் வேறொருவர் பெயரில். முன்பணத்துக்கு மனைவியின் நகையை அடகு வைப்பதாகச் சொன்னான். "ஜெபம் பண்ணுங்க சார்" என்றான்.

"நல்லா யோசிச்சியாப்பா?" என்று கேட்டேன்.

சட்டைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினான். புத்தாண்டு ஆராதனையில் தட்டிலிருந்து அவன் கை எடுத்த வாக்குத்தத்த அட்டை. திறந்த வாசலைப் பற்றிய வசனம், வெளிப்படுத்தல் 3:8. "ஆண்டவரே பேசிட்டார் சார். இதுக்கு மேல யோசிச்சா அவிசுவாசம்."

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன். எழுதப்போகிறேன் என்று அவனிடமே சொல்லிவிட்டேன். "பேர் போடாம எழுதுங்க சார்" என்றான். யார் என்று யாரும் என்னிடம் விசாரிக்க வேண்டாம்.

முதலில் அந்த அட்டையைப் பற்றிப் பேசுவோம். உலகத்தில் வேறு யார் மயங்கினாலும் நம் மாவட்டத்துக்காரர்கள் மயங்கக் கூடாது. காலண்டரும் லேபிளும் அட்டையும் அச்சடிக்கிற ஊர் நம்முடைய சிவகாசி. என் மைத்துனர் மகன் அங்கே ஒரு அச்சகத்தில் கட்டிங் மெஷினில் நிற்கிறான். ஒரே தாளில் வரிசையாக அடித்து, வெட்டி, கலைத்து, கட்டுக் கட்டி அனுப்புகிறார்கள். அதில் ஒரு அட்டையிலாவது ஆமோஸின் கண்டனத்தைப் பார்த்திருக்கிறீர்களா? "நிறுத்து, போகாதே" என்கிற பொருளில் ஒரு வசனம் உண்டா? கிடையாது. ஆசீர்வாதம், உயர்வு, திறந்த வாசல், பலுகிப் பெருகுதல், இவ்வளவுதான். எதை எடுத்தாலும் "சரி" என்றே வரும். கணக்கு வாத்தியாராகச் சொல்கிறேன்: எந்த விடை எழுதினாலும் முழு மதிப்பெண் போடுகிற பரீட்சைக்குப் பெயர் பரீட்சை இல்லை.

வேத வசனத்தை நான் பழிக்கவில்லை. புத்தாண்டில் ஒரு வசனத்தை மனதில் வைத்துக்கொண்டு வருஷத்தைக் கடப்பது நல்ல பழக்கம், நானும் செய்கிறேன். அந்த அட்டையை ஆண்டவருடைய கையெழுத்து போட்ட அனுமதிக் கடிதமாக்குவதைத்தான் எதிர்க்கிறேன்.

சாலொமோன் ஞானம் கேட்ட கதை ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். 1 இராஜாக்கள் 3. கனவில் கேட்டான், ஆண்டவர் கொடுத்தார். அடுத்த காட்சியை மட்டும் நாம் அவசரமாகக் கடந்துவிடுகிறோம். இரண்டு பெண்கள், ஒரு குழந்தை. இருவருமே என் பிள்ளை என்கிறார்கள். முந்தின பகுதியில்தான் தேவன் நேரடியாகப் பேசியிருக்கிறார். இப்போது "இவள்தான் தாய்" என்று ஒரு தூதன் வந்து காதில் சொன்னானா? சீட்டுப் போட்டுப் பார்த்தானா? இல்லை. இரண்டு பேர் சொல்வதையும் கேட்டான். தாய் மனசு எப்படிப்பட்டது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒரு சோதனையை யோசித்து வைத்தான், உண்மை தானாக வெளியே வந்தது. ஆண்டவர் கொடுத்த ஞானம் இப்படித்தான் வேலை செய்தது. யோசிக்கிற வேலையிலிருந்து அது அவனுக்கு விடுமுறை கொடுக்கவில்லை. இன்னும் கூர்மையாக யோசிக்க வைத்தது.

யாக்கோபு நிருபத்தில் ஞானம் குறைவாயிருந்தால் கேள் என்கிற வசனம் எல்லாருக்கும் மனப்பாடம். அதே நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் பரத்திலிருந்து வருகிற ஞானத்துக்கு அடையாளங்கள் சொல்லியிருக்கிறதே, அது யாருக்கு மனப்பாடம்? சுத்தம், சமாதானம், சாந்தம், பிறர் சொல்வதற்கு இணங்கிப் போகிற குணம், இரக்கம். அந்த இணக்கத்தைக் கவனியுங்கள். "ஆண்டவரே பேசிட்டார், இனி யாரும் பேசாதீங்க" என்று மனைவி வாயையும் வாத்தியார் வாயையும் அடைக்கிறது எதுவோ, அது அந்தப் பட்டியலில் இல்லை.

உடனே சிலர் நீதிமொழிகள் 3:5-ஐ எடுத்துக்கொண்டு வருவார்கள், சுயபுத்தியில் சாயக் கூடாதே என்று. சாயக் கூடாதுதான். ஆனால் எது சுயபுத்தி? லாபத்தை முதலில் பார்த்துவிட்டு, அதற்கு ஏற்ற வசனத்தைப் பிறகு பையில் வைத்துக்கொள்வதுதான் எனக்குத் தெரிந்த சுயபுத்தியிலேயே கெட்டியானது. மத்தியாவைச் சீட்டுப் போட்டுத்தானே தேர்ந்தெடுத்தார்கள் என்றும் கேட்பார்கள். ஆமாம், அப்போஸ்தலர் 1-ல். அதுவும் தகுதி பார்த்து இரண்டு பேரை நிறுத்தின பிறகு. பெந்தெகொஸ்தே நாளுக்குப் பின் அப்போஸ்தலர் யாரும் சீட்டுப் போட்டதாக அந்தப் புத்தகத்தில் இல்லை. 15-ம் அதிகாரத்தில் எருசலேமில் பெரிய பிரச்சினை வந்தபோது கூடி உட்கார்ந்து, வாதாடி, சாட்சி கேட்டு, முடிவு எடுத்தார்கள். எடுத்த முடிவைக் கடிதமாக எழுதி அனுப்பினார்கள்.

இப்போது பட்டாசுக்கு வருகிறேன். உபாகமம் 22:8-ஐ எத்தனை பேர் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறீர்கள்? புது வீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும், ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி வீட்டுக்காரன் மேல் வரும் என்கிற கட்டளை அது. விழுவதும் விழாததும் கர்த்தர் சித்தம் என்று வேதம் சொல்லவில்லை, சுவரைக் கட்டு என்கிறது. ஒரு அறைக்கு நாலு பேர் என்கிற விதி நம் கைப்பிடிச் சுவர். வாசலில் தொட்டுவிட்டுப் போகிற செம்புத் தகடு கைப்பிடிச் சுவர். கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்காதே என்பதும் அதுவே. உள்குத்தகையில் முதலில் இடிவது இந்தச் சுவர்தான். ஒரே சீசனில் முன்பணத்தை எடுத்தாக வேண்டும். நாலு பேர் இடத்தில் எட்டுப் பேர் உட்காருவார்கள், மரத்தடியில் உட்கார்ந்து மருந்து அடைப்பார்கள். அவனுக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. ஆசிரியர் தினம் அன்றைக்கு. 38 உயிர்கள் போயின. உதவிக்கும் வேடிக்கை பார்க்கவும் ஓடிய சுற்றுவட்டார மக்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சங்குளம், 20 பேருக்கு மேல். அங்கே உள்குத்தகை நடந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. நம் காரியாபட்டியும் தப்பவில்லை. 2024 மே 1 அன்று ஆவியூர்ப் பக்கத்துக் கல்குவாரியில் வெடிமருந்து வெடித்து 3 பேர் இறந்தார்கள்.

இப்படிப்பட்ட துக்க வீடுகளில் நாம் சொல்கிற ஒரே வார்த்தை "தேவசித்தம்". அழுகிறவளுக்கு ஆறுதலாக அதைச் சொல்லும் வாயை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதே வார்த்தையை முதலாளியும் குத்தகைக்காரரும் சொல்லும்போது எனக்குக் கொதிக்கிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, செத்தவர்கள் அதிகப் பாவிகள் என்று நினைக்காதீர்கள் என்றார் இயேசு. உயிரோடு நின்று கேட்டவர்களைப் பார்த்துத்தான் மனந்திரும்பச் சொன்னார்.

சரி, இவ்வளவு பேசுகிறவனின் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷத்துக்கு முன்னால் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் மாலை மணி அடித்த பிறகு என்னிடம் வந்து நின்றான். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, பட்டாசு வேலைக்குப் போகச் சொல்கிறார்கள், நான் என்ன செய்யட்டும் என்று கேட்டான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "ஜெபம் பண்ணுப்பா, ஆண்டவர் வழி காட்டுவார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அடுத்த வாரம் அவன் பெஞ்சில் இல்லை. இரண்டு வருஷம் கழித்துச் சந்தையில் பார்த்தேன். வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. "சார், நல்லாயிருக்கீங்களா?" என்று அந்தக் கையாலேயே கும்பிட்டான்.

அன்றைக்கு ஆண்டவர் காட்ட வேண்டிய வழி நான்தான். அவன் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். தலைமையாசிரியரிடம் பேசியிருக்க வேண்டும். என் சம்பளத்தில் மாசம் கொஞ்சம் கொடுத்திருந்தால்கூட நான் குறைந்துபோயிருக்க மாட்டேன். ஜெபம் என்ற நல்ல வார்த்தையை வைத்து என் சோம்பலை மூடிக்கொண்டேன்.

அதனால் போதகர்களையும் சபை மூப்பர்களையும் கேட்கிறேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. தட்டை நீட்டும்போது இரண்டு நிமிஷம் பேசக் கூடாதா? இது ஆறுதலுக்கும் தியானத்துக்கும், கடன் வாங்குவதற்கும் கல்யாணம் முடிப்பதற்கும் உத்தரவு இல்லை என்று சொன்னால் காணிக்கை குறைந்துவிடுமா? பாவ அறிக்கை சொல்லச் சொல்கிற நாம், லைசென்ஸ் யார் பெயரில் என்று ஏன் ஒரு குத்தகைக்காரரிடமும் கேட்பதில்லை? நம் பக்கத்துக்குச் சுவிசேஷம் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ராக்லண்ட் ஐயர், கேம்பிரிட்ஜில் கணிதத்தில் சிறந்தவர். 1854 முதல் கூடாரம் போட்டு ஊர் ஊராய் அலைந்தார், 1858-ல் சிவகாசியில் இறந்தார். முழங்காலில் நிற்பதற்காக மூளையைக் கழற்றி வைக்க வேண்டும் என்று அவரைப் போன்றவர்கள் நினைக்கவில்லை.

யாத்திராகமம் 31-ல் தேவ ஆவியால் ஞானம் நிரப்பப்பட்டவன் என்று பெயர் சொல்லப்படுகிறவன் பெசலெயேல். ஆசாரியன் இல்லை, கைவேலைக்காரன். பொன், வெள்ளி, வெண்கலம், மரம், கல் எல்லாம் தெரிந்தவன். என் மாணவனுக்கும் மருந்து தெரியும். எந்தக் கலவை எந்த வெயிலில் கோபப்படும் என்று இருபது வருஷமாகக் கற்றவன். அந்த அறிவையும் ஆண்டவர்தானே கொடுத்தார்? ஆண்டவர் கொடுத்த அதை ஓரமாக வைத்துவிட்டு, மெஷினில் வெட்டின அட்டையை மட்டும் அவர் குரல் என்கிறானே, அதுதான் எனக்கு வலிக்கிறது.

தம்பி, இதை நீ படிப்பாய் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் உன் வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. நகை அவள் நகை, அவளும் பேசட்டும். லைசென்ஸ் நகலைக் கொண்டு வா. எத்தனை அறை, எத்தனை ஆள், எத்தனை நாள் என்று உட்கார்ந்து கணக்குப் போடுவோம். முதலில் ஜெபம் பண்ணுவோம், பிறகு கணக்குப் போடுவோம், பிறகு திரும்பவும் ஜெபம் பண்ணுவோம். சாப்பாடு நம் வீட்டில்தான், டீச்சரிடம் சொல்லிவிட்டேன்.