உரிந்த சாயமும் ஒன்பது ஆண்டுத் தவணையும்

என் வகுப்பு மாணவன் ஒருவன் சில வாரங்களாகப் பள்ளி வாசலுக்கு வராமல் முச்சந்தியிலேயே இறங்கி நடந்து வந்தான். காரணம் கேட்டபோது தலைகுனிந்தான். அப்பாவின் மகிழுந்தில் சாயம் பாம்புச் சட்டைபோல் உரிந்து கிடக்கிறதாம். நண்பர்கள் கேலி செய்கிறார்களாம்.

பெற்றோர் சந்திப்பு நாளில் அவன் தந்தை, "புது வண்டி எடுக்கலாம்னு இருக்கேன் ஐயா, ஒன்பது வருசத் தவணை" என்றார். இயந்திரம் எப்படி என்று கேட்டேன். "அதுல ஒரு குறையும் இல்லைங்க."

குறையில்லாத வண்டியைச் சாயத்துக்காகக் கைவிட்டு ஒன்பது ஆண்டுக் கடனில் இறங்குவது எனக்கு உடன்பாடில்லை. என் பழைய புரோட்டான் சாகாவுக்கு நானே வீட்டில் சாயம் பூசியவன் என்ற துணிவில் இதை எழுதுகிறேன்.

நம் நாட்டு வெயில் நேராக விழும் கூரையும் போனட்டும்தான் முதலில் கெடும். கதவுகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆகவே, கெட்ட பாகங்களுக்கு மட்டும் பூசினால் போதும். பழைய நிறத்தையே பூசுங்கள். நிறத்தை மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையின் பதிவிலும் மாற்ற வேண்டும்.

வேலையில் முக்கால் பங்கு தேய்ப்பதுதான். கட்டுரை திருத்துவதைவிட அலுப்பானது! 400-ஆம் எண் மணல்தாளால் உரிந்த விளிம்புகளைச் சமமாக்கி, பிறகு 800-ஆம் எண் தாளை நீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். விரலால் தடவினால் மேடு தட்டுப்படக்கூடாது. அடுத்து அடிச்சாயம், நிறச்சாயம், கிளியர் என்னும் மேற்பூச்சு. ஒவ்வொன்றையும் மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை அடிக்க வேண்டும். நான் அவசரப்பட்டு ஒரேயடியாக அடித்ததில், போனட்டின் ஓரத்தில் சாயம் கண்ணீர்போல் வழிந்து உறைந்தது. நண்பகல் வெயிலும் மழைக்குப் பிந்திய ஈரக்காற்றும் இவ்வேலைக்கு ஆகா. சாயம் நன்றாக இறுகச் சில நாள் விட்டு, 2000-ஆம் எண் தாளால் நனைத்துத் தேய்த்து மெருகேற்றினேன். மொத்தச் செலவு 300 வெள்ளியைத் தாண்டவில்லை.

ஒன்றில் மட்டும் சிக்கனம் வேண்டா. பட்டறைகளில் கெட்டியாக்கி கலந்து அடிக்கும் இருகலவை மேற்பூச்சில் ஐசோசயனேட் உண்டு. அது ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. பிள்ளைகள் நடமாடும் வீட்டில் அதை அடிக்கவே கூடாது. நான் பயன்படுத்தியது கெட்டியாக்கி இல்லாத சாதாரணத் தெளிப்பு டப்பா. பட்டறைப் பூச்சு அளவுக்கு அது நிலைக்காது. இருந்தாலும் எனக்கு அது போதும். அதையும் வெட்டவெளியில், முகக்கவசம் அணிந்தே அடித்தேன். பிள்ளைகளுக்குக் கண்ணாடிகளைச் செய்தித்தாளால் மூடி ஒட்டுநாடா ஒட்டும் வேலையையும், கடைசியில் மெருகேற்றும் வேலையையும் கொடுக்கலாம்.

இவ்வளவையும் அந்தத் தந்தையிடம் சொன்னேன். சென்ற திங்கட்கிழமை அந்த மகிழுந்து பள்ளி வாசலிலேயே வந்து நின்றது. பையன் இறங்கி, கதவை ஓங்கிச் சாத்திவிட்டு வந்தான். போனட் இன்னும் சாம்பல் நிற அடிச்சாயத்தோடுதான் இருக்கிறது. அடிச்சாயம் ஈரத்தை உறிஞ்சும். அடுத்த மழைக்கு முன் முடிக்கும்படி சொல்லியனுப்பியிருக்கிறேன்.