மரக்கரண்டிப் பூச்சிக்கு எத்தனை கால்?

பள்ளிக்கூடக் கண்காட்சியில் "குழந்தைகள் செய்த கைவேலை"ன்னு மேசை நிறைய அடுக்கி வச்சிருப்பாங்க இல்லையா? அதில் முக்கால்வாசி அம்மாக்கள் செஞ்சது. மீதி கால்வாசி அப்பாக்கள், ராத்திரி பதினோரு மணிக்கு! இது ஊருக்கே தெரிஞ்ச ரகசியம். டீச்சருக்கும் தெரியும், மார்க்கும் விழும்.

இதில் என்ன தப்புன்னு கேக்கறவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

எங்க அடுக்குமாடியில் அஞ்சு வயசுப் பொண்ணு ஒண்ணு. போன லீவுல குச்சியும் பசையும் குடுத்தா, தொடவே இல்லை. "நீங்களே செஞ்சு குடுங்க ஆன்ட்டி, நான் செஞ்சா அசிங்கமா இருக்கும்"னுச்சு. அஞ்சு வயசு! இந்தத் தீர்ப்பை அது தானா எழுதியிருக்காது. அது ஒட்டினதை யாரோ பிச்சு, நேரா ஒட்டி, "இப்பப் பாரு எவ்ளோ அழகா இருக்கு"ன்னு சொல்லியிருக்கணும். ஒரு தடவை இல்லை, பல தடவை.

அதனால என் கட்சி இதுதான். செய்யறதுக்கு முன்னாடி எவ்வளவு வேணா சொல்லிக் குடுங்க. செஞ்சதுக்கு அப்புறம் அதுல கை வைக்காதீங்க.

மரப் பூச்சி செய்யறதையே எடுத்துக்குவோம். முதல்ல ஒரு நிஜப் பூச்சியைக் காட்டணும். தொட்டியில் கத்திரிச்செடி இருந்தா ரொம்ப வசதி. புள்ளி புள்ளியா ஒரு வண்டு இலையைச் சுரண்டி சல்லடையாக்கிட்டு இருக்கும். அதுக்கு 28 புள்ளி, செடிக்கு எதிரி. அதே சாயல்ல ஏழு புள்ளி பொறிவண்டு ஒண்ணு உண்டு. அது அசுவினியைத் தின்னு செடியைக் காப்பாத்தும். எண்ணிப் பாக்கச் சொல்லுங்க. கால் எத்தனை? ஆறு. எங்கேருந்து கிளம்புது? தலையிலேருந்து இல்லை, வயித்திலேருந்தும் இல்லை, நடுவுல இருக்கற மார்பிலேருந்து. எட்டுக் கால் இருந்தா அது சிலந்தி, அறிவியல் கணக்குப்படி பூச்சியே கிடையாது.

அப்புறம்தான் கைவேலை. கப் ஐஸ்கிரீமோட ஒரு மரக்கரண்டி வருமே, ரெண்டு பக்கமும் அகலமா, நடுவுல இடுப்பு சிறுத்து... அதான் உடம்பு. கழுவிக் காய வச்சு, சிராய் இருந்தா உப்புத்தாளால ஒரு தேய். தென்னை ஈர்க்குச்சி விரல் நீளத்துக்கு மூணு துண்டு. நறுக்கற வேலை மட்டும் நம்மளது. மூணையும் கரண்டியோட இடுப்புல குறுக்கே வச்சு ஃபெவிகால்ல ஒட்டினா, பக்கத்துக்கு மூணா ஆறு கால். தலையில் ரெண்டு சின்னத் துண்டு, அது உணர்கொம்பு. அரை மணி நேரம் அசைக்காம வச்சுட்டு போஸ்டர் கலர் அடிக்கலாம். அவ்ளோதான்.

காயற வரைக்கும் வாண்டுகள் சும்மா இருக்காதுங்களே? அதுக்கு ஒரு கதை இருக்கு. பெங்களூர் - மைசூர் ரோட்டுல சென்னபட்டணான்னு ஒரு ஊர், மர பொம்மைக்குப் பேர் போனது. வெட்பாலை மரத்தைக் கடைசல் பிடிப்பாங்க. மரம் சுத்தும்போது கலர் அரக்கை அதுமேல அழுத்தினா, உரசற சூட்டிலேயே உருகிப் படியும். தாழை ஓலையால மெருகு ஏத்துவாங்க. சரி, அந்த அரக்கு எங்கேருந்து வருது? மரக்கிளையில் ஒட்டி வாழற துக்குணூண்டு பூச்சி சுரக்கறது! மர பொம்மைக்கு பளபளப்பு குடுத்ததே ஒரு பூச்சிதான்னு சொன்னா, வாயைப் பொளந்துட்டு கேக்கும்ங்க.

"அப்ப ஏழு கால் ஒட்டினா அப்படியே விடறதா?"ன்னு கேப்பீங்க. திரும்ப எண்ணிப் பாக்கச் சொல்லுங்க. கத்திரிச்செடிகிட்ட மறுபடி கூட்டிட்டுப் போங்க. அப்பவும் "என் பூச்சிக்கு ஏழுதான்"னா, சரி, ஏழுதான். கால் கணக்கு நாளைக்கே திருந்திடும். "எனக்கு வராது"ங்கற நினைப்பு திருந்த வருஷக்கணக்காகும்.

கடையில் விக்கற கிட்டுகள் மேலயும் எனக்கு இதே கோபம்தான். எல்லாத்தையும் வெட்டி, ஓட்டை போட்டு, நம்பர் ஒட்டி வச்சிருப்பாங்க. குழந்தை யோசிக்க அதுல மிச்சம் ஒண்ணும் இருக்காது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படிச்ச அரவிந்த் குப்தா 1978-ல் வேலைக்கு லீவு போட்டுட்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் பக்கம் கிராமத்துப் பள்ளிகளுக்குப் போனார். தீக்குச்சியும் சைக்கிள் வால்வு ட்யூபும்தான் அவர் உருவாக்கின கணக்குப் பாடத்துக்கு மூலப்பொருள். முக்கோணம், சதுரம் எல்லாம் குழந்தைங்க கையாலேயே. 2018-ல் பத்மஸ்ரீ குடுத்தாங்க. அதுல கிட்டும் கிடையாது, பளபளப்பும் கிடையாது.

பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கைவேலையை வீட்டுக்கு அனுப்பாம வகுப்பிலேயே செய்ய வைங்க. கோணல் பூச்சிகளுக்கும் மேசையில் இடம் குடுங்க. அம்மாக்களும் நிம்மதியாத் தூங்குவாங்க :-)

டிஸ்கி: கண்ணுக்குப் பாசிமணி ஒட்டற ஐடியா இருந்தா, மூணு வயசுக்குக் கீழ இருக்கற குட்டிகள் வீட்டுல வேண்டாம். நேரா வாய்க்குத்தான் போகும். பெயிண்ட்ல பொட்டு வச்சாலே பூச்சிக்குக் கண்ணு தெரியும்!