ஜிலேபி மீனில் பெண் மட்டும் ஏன் சின்னது?

ஒரே குளம், ஒரே தீவனம்தான். ஆனாலும் 'ஜிலேபி' என்று நாம் வாங்கும் திலேப்பியாவில் ஆண் மீன்தான் சீக்கிரம் பருக்கும். பெரிய காரணம், தாய்மை! முட்டைகளை வாயிலேயே வைத்துப் பொரிக்கும் தாய் மீன், பத்து நாளுக்கு மேல் கிட்டத்தட்ட பட்டினி. தின்றதிலும் பெரும்பங்கு அடுத்த முட்டைகளுக்கே போய்விடும்.

இதனால் பல நாடுகளில் குஞ்சுகளுக்கு முதல் மூன்று, நான்கு வாரங்கள் மட்டும் மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் கலந்த தீவனம் போடுகிறார்கள். பெண்ணாக வேண்டியதும் ஆணாகிவிடும்!

அந்த ஹார்மோன் நம் தட்டுக்கு வருமா? தீவனத்தை நிறுத்திய சில நாள்களிலேயே மீனின் உடலில் அது வெகுவாகக் குறைந்துவிடும். சந்தைக்கு வரவோ பல மாதங்கள் ஆகும். கவலையெல்லாம், ஹார்மோன் பொடியை ஆல்கஹாலில் கரைத்துத் தீவனத்தில் கலக்கும் தொழிலாளியைப் பற்றித்தான். அவர் கையில் உறை இருக்கிறதா?