பில்லுக்குக் கடிவாளம் எப்போது?

காலை ஒன்பது மணிக்கு ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் ‘இன்னிக்கு வீட்டுக்குப் போகலாம்’ என்று சொல்லிவிடுகிறார். பையைக் கட்டி, ஃபிளாஸ்க்கைக் கழுவி, ஊருக்குப் போன் போட்டுச் சொல்லியும் ஆயிற்று. இன்சூரன்ஸ் டெஸ்க்கில் கேட்டால், ‘அப்ரூவல் இன்னும் வரலைங்க’ என்கிறார்கள். டிஸ்சார்ஜ் நேரத்தில் மூன்று மணி நேரத்துக்குள் முடிவு சொல்லிவிட வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் உத்தரவு போட்டது. இருந்தும், விளக்கு வைத்த பிறகுதான் பலருக்கு விடுதலை கிடைக்கிறது. வந்த அப்ரூவலும் முழுத் தொகைக்கு வந்திருக்காது. மீதியைக் கட்ட வீட்டில் ஒருவர் வளையலைக் கழற்றிக்கொண்டு அடகுக் கடைக்குப் போயிருப்பார்.

வருடம் தவறாமல் பிரீமியம் கட்டிய குடும்பத்துக்கு ஏன் இந்த நிலை? ஒரு கணக்கைப் பார்ப்போம். பாலிசி 3 லட்ச ரூபாய்க்கு. அறை வாடகை வரம்பு நாளொன்றுக்கு அதில் 1 சதவீதம், அதாவது 3,000 ரூபாய். அந்த வாடகையில் அறை காலியில்லை என்று 6,000 ரூபாய் அறையைக் கொடுக்கிறார்கள். கூடுதலான 3,000 ரூபாயைக் கையிலிருந்து கட்டினால் தீர்ந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். தீராது. வாடகையில் பாதிக்குத்தான் தகுதி என்பதால் டாக்டர் கட்டணம், நர்சிங் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் பாதியை வெட்டுவார்கள். வாடகையோடு சேர்த்து இவை 1,20,000 ரூபாய் என்றால் 60,000 ரூபாய் நோயாளியின் தலையில் விழும். மருந்துக்கும் உடலில் பொருத்தும் சாதனங்களுக்கும் இந்த வெட்டு கூடாது என்று விதி இருப்பது ஓர் ஆறுதல். ஆனால் கையுறை, முகக்கவசம் போன்றவற்றைப் பல பாலிசிகள் ஏற்பதே இல்லை. விற்க வந்த முகவர் இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டார். பாலிசிப் பத்திரத்தில் பொடி எழுத்தில் இருந்திருக்கும்.

காப்பீட்டு நிறுவனத்தைத் திட்டிவிட்டு இங்கேயே நிறுத்திக்கொள்வது எளிது. ஆனால் பில் போடுவது மருத்துவமனை. அதே நோய், அதே அறுவை, அதே மருத்துவர். அறைக்குள் ஒரு சோபா கூடினால் அறுவைக் கட்டணம் ஏன் ஏறுகிறது? இதைக் கேட்பாரில்லை என்பதுதான் நம் குறை.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி முழுவதும் நீங்கியது. 25,000 ரூபாய் பிரீமியம் கட்டுகிறவருக்கு 4,500 ரூபாய் மிச்சம். நல்ல காரியம்தான், தாமதமாக வந்தாலும். ஆனால் வயது ஒரு படி ஏறினாலோ, சிகிச்சைச் செலவு கூடிவிட்டது என்று நிறுவனம் பிரீமியத்தைத் திருத்தினாலோ இந்த மிச்சம் ஒரே புதுப்பித்தலில் கரைந்துபோகும். மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதானால் தன்னிடம் கேட்க வேண்டும் என்று ஆணையம் 2025 ஜனவரியில் சொல்ல வேண்டிவந்தது. உயர்வு எந்த வேகத்தில் போய்க்கொண்டிருந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. வருமான வரியில் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கான கழிவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே.

வரியே கட்டாத, அதே சமயம் ஏழை என்றும் கணக்கில் வராத குடும்பங்களுக்கு இதனால் என்ன பயன்? தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மாதம் 10,000. தொழிலாளர்களுக்கான இஎஸ்ஐ காப்பீட்டின் மாதச் சம்பள வரம்பு 2017 ஜனவரியில் 21,000 ரூபாய் என்று வைக்கப்பட்டது. ஜவுளிக்கடையில் 22,000 சம்பளம் வாங்குகிறவருக்கு இரண்டு கதவும் சாத்தியிருக்கின்றன. எந்தக் காப்பீடும் இல்லாத இத்தகையவர்கள் நாட்டு மக்களில் 30 சதவீதம், சுமார் 40 கோடிப் பேர் என்று நிதி ஆயோக் 2021இல் கணக்கிட்டது. அந்த அறிக்கை முன்வைத்த வழிகளில் ஒன்று, இவர்களும் பணம் கட்டி அரசுத் திட்டத்தில் சேரலாம் என்பது. இன்னொரு தரப்பு, காப்பீட்டுக்குப் போகும் பணத்தை அரசு மருத்துவமனைக்குக் கொடுங்கள் என்கிறது. வேறொரு தரப்பு ராஜஸ்தானைக் காட்டி, 2023இல் அங்கே வந்ததுபோல் சிகிச்சையைச் சட்ட உரிமையாக்கு என்கிறது.

மூன்றிலும் நியாயம் உண்டு. ஆனால் கட்டணத்தைத் தொடாமல் இவற்றில் எதைச் செய்தாலும், ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றிய கதைதான். இதற்கு நம் வீட்டிலேயே சான்று இருக்கிறது. முதலமைச்சர் திட்டத்துக்காக 2022 ஜனவரியில் போட்ட ஒப்பந்தப்படி ஒரு குடும்பத்துக்கு அரசு கட்டும் ஆண்டு பிரீமியம் 849 ரூபாய். வெளிச்சந்தையில் ஒரு குடும்பம் கட்டுவதோ பல ஆயிரம். ஒப்பீடு முழுக்கச் சரியல்ல என்பதை ஒப்புக்கொள்கிறோம். அரசுத் திட்டம் பட்டியலிட்ட சிகிச்சைகளுக்கு மட்டும்தான். அரசு மருத்துவமனைகளும் அதில் பங்கேற்கின்றன. பெருஞ்செலவுச் சிகிச்சைகளுக்கு அரசு தனியாகவும் பணம் போடுகிறது. இத்தனையையும் கழித்த பிறகும் ஒரு வித்தியாசம் நிற்கிறது. அங்கே எந்த அறுவைக்கு எவ்வளவு என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது.

தனியார் மருத்துவமனைக் கட்டணத்தில் அரசு கைவைக்க முடியாது என்பார்கள். 2020 ஜூனில் கொரோனா சிகிச்சைக்குத் தமிழ்நாடு அரசு கைவைத்தது: தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நாளொன்றுக்கு அதிகபட்சம் 15,000 ரூபாய், பொது வார்டுக்கு மருத்துவமனையின் தரத்தைப் பொறுத்து 5,000 அல்லது 7,500. 2017 பிப்ரவரியில் இதய ஸ்டென்ட்டுக்கு மத்திய அரசு உச்ச விலை வைத்தது. மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய்க்கு இறங்கியது. அதற்குப் பிறகு ஸ்டென்ட் விலை குறைந்தும் மொத்த பில் அந்த அளவுக்குக் குறையவில்லை என்று நோயாளிகள் புகார் சொன்னார்கள். ஒரு பொருளுக்கு மட்டும் விலை வைத்தால் போதாது, மொத்த சிகிச்சைக்கும் சேர்த்து வைக்க வேண்டும் என்பதே அதில் கற்க வேண்டிய பாடம். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் சிகிச்சைக் கட்டணங்களை வரையறுக்கச் சொல்லி மத்திய அரசை நெருக்கியது.

மருத்துவமனைகள் சொல்வதையும் கேட்க வேண்டும். காப்பீட்டு நிறுவனங்கள் பல ஆண்டுகளாக ஒப்பந்தக் கட்டணத்தைத் திருத்தவில்லை என்பது அவர்கள் குறை. 2025 ஆகஸ்டில் தனியார் மருத்துவமனைகளின் சங்கம் ஒன்று கேஷ்லெஸ் வசதியை நிறுத்திவிடுவோம் என்று எச்சரிக்கும் அளவுக்கு இது முற்றியது. நர்ஸ் சம்பளமும் கருவி விலையும் ஏறத்தான் செய்கின்றன. ஆகவே அடிமாட்டு விலைக்கு நிர்ணயித்துவிட்டு ஐந்து வருடம் மறந்துபோகும் வேலை உதவாது. ஆண்டுதோறும் திருத்த வேண்டும். திருத்தும் குழுவில் நோயாளி தரப்பும் இருக்க வேண்டும்.

தமிழ்நாடு செய்யக்கூடியது இதுதான். மருத்துவமனைகளுக்கென்று 1997இல் இயற்றிய தனிச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. அதைத் திருத்தி, பரவலான சிகிச்சைகளுக்கு ஊர், தரம் பார்த்து உச்சக் கட்டணம் வைக்கட்டும்; அறையைப் பொறுத்து அறுவைக் கட்டணம் மாறுவதைத் தடுக்கட்டும். பிறகு முதலமைச்சர் திட்டத்தின் கதவை 1,20,000 ரூபாய்க்கு மேல் உள்ள குடும்பங்களுக்கும் பணம் கட்டிச் சேரும்படி திறக்கட்டும். 849 ரூபாய்க்குக் கிடைக்காது. பல மடங்குகூட ஆகலாம். நோய் வந்தவர்கள் மட்டும் சேர்ந்தால் திட்டம் கவிழும் என்பதால் ரேஷன் அட்டையில் உள்ள முழுக் குடும்பமாக, வருடத்தில் குறிப்பிட்ட மாதங்களில் மட்டும் சேர்க்கலாம்.

அரசு மருத்துவமனையை இதில் மறந்துவிடக் கூடாது. பக்கத்தில் நல்ல ஜி.ஹெச். இருக்கும் ஊரில் தனியார் பில்லுக்குத் தானாகவே ஒரு பயம் இருக்கும். 2025க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதத்தை அரசுகள் சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும் என்றது 2017 தேசியக் கொள்கை. 2021-22இல் செலவானது 1.84 சதவீதம். அதே ஆண்டில் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்களின் சொந்தப் பையிலிருந்து போனது.

முதலமைச்சர் திட்டத்தின் இப்போதைய ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கானது. 2027 ஜனவரியில் முடிகிறது. அடுத்த ஒப்பந்தத்தின் நிபந்தனைகளை எழுத உட்காரும்போது அந்த ஜவுளிக்கடை ஊழியரின் குடும்பத்துக்கும் அரசு ஒரு பத்தி ஒதுக்க வேண்டும்.