வள்ளல் வருகிறார், வழிவிடுங்கள்

சென்ற முறை நண்பர்களோடு ஒகேனக்கல் போயிருந்தபோது காவிரியில் நீர்வரத்து கூடிவிட்டிருந்தது. பரிசல் இயக்கத் தடை. கரையில் கவிழ்த்து வைத்திருந்த பரிசல்களுக்கு அருகே அமர்ந்து வறுத்த மீனைத் தின்றுகொண்டிருந்தோம். பேச்சு எப்படியோ கால்பந்துக்குப் போயிற்று. கோவைக்கார நண்பர் பெருமூச்சோடு சொன்னார்: "பெரிய பணக்காரன் எவனாவது வாங்கினால் ஒழிய நம் ஊர் அணிக்கு விடிவில்லை." சிற்றிதழ் மரபில் ஊறிய இன்னொரு நண்பர் உடனே மறுத்தார்: "பணக்காரன் வாங்கினால் அதோடு முடிந்தது கதை."

இருவரும் மாலைவரை வாதாடினார்கள். இருவருமே பேசியது பணக்காரனைப் பற்றித்தான். ரசிகனுக்கு அந்த அணியில் என்ன உரிமை என்று ஒருவரும் கேட்கவில்லை. நம்முடைய கால்பந்து விவாதங்கள் அனைத்தின் குறையும் இதுதான் என்று நினைக்கிறேன்.

கோவைக்காரரின் பெருமூச்சுக்குக் காரணம் உண்டு. 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு விளையாட்டரங்கில் மினர்வா பஞ்சாப்பை 3-1 என்று வென்று சென்னை சிட்டி அணி ஐ-லீக் கோப்பையைக் கைப்பற்றியது. ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் பின்தள்ளிய வெற்றி அது. சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்சியாளர். 21 கோல்கள் அடித்த பெத்ரோ மான்சி முன்கள வீரர். அதே ஆண்டின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் கழகம் 26 விழுக்காடு பங்குகளை வாங்கியிருந்தது. ஐரோப்பியப் பணம், ஐரோப்பிய முறைகள், கையில் கோப்பை. ஒரு ரசிகன் வேறென்ன கேட்பான்?

பிறகு நடந்தது எல்லோரும் அறிந்ததே. கோப்பை வென்ற அந்த ஆண்டிலேயே ஐ-லீக் நாட்டின் முதன்மைத் தொடர் என்ற தகுதியை இழந்தது. அந்த இடம் ஐ.எஸ்.எல். தொடருக்குப் போயிற்று. சாம்பியனுக்கு மேலே ஏறப் படி வைக்கப்படவில்லை. பாசல் கழகமே 2021-ல் கைமாறியது. 2021-22 ஐ-லீக்கில் சென்னை சிட்டியின் பெயர் இல்லை. மூன்றே ஆண்டுகளில் சாம்பியன் அணி காணாமல் போயிற்று. கூட்டத்தில் நின்று கத்தியவர்களிடம் எந்தக் கட்டத்திலும் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கவேண்டிய கட்டாயமும் எவருக்கும் இருக்கவில்லை.

இதை வைத்துச் சிற்றிதழ் நண்பர் வென்றுவிட்டதாக எண்ணவேண்டாம். பணக்காரர் என்றாலே அழிவு என்பதும் உண்மையன்று. இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கழகத்தை எடுத்துக்கொள்வோம். அவ்வூரிலேயே பிறந்து இரும்பு வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய ஜாக் வாக்கர் 1991-ல் அதை வாங்கினார். 1995-ல் அந்தச் சிறு ஆலை நகரத்தின் அணி பிரீமியர் லீக் கோப்பையை வென்றது. அதுவும் பணத்தால் வந்ததுதான். அதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. ஊர் இன்றும் அவரைக் கொண்டாடுகிறது.

அதே கழகத்தை 2010 நவம்பரில் நம் புனேயைச் சேர்ந்த வெங்கீஸ் கோழிப்பண்ணைக் குழுமம் ஏறத்தாழ 23 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது. ஒரு மாதம் ஆவதற்குள் பயிற்சியாளர் சாம் அல்லர்டைஸ் வெளியேற்றப்பட்டார். அணி அப்போது பட்டியலின் நடுவே பாதுகாப்பாகத்தான் இருந்தது. 2012 மே மாதம், பிரீமியர் லீகிலிருந்து இறங்குவது உறுதியான ஆட்டத்தில், ரசிகர்கள் மைதானத்துக்குள் ஒரு கோழியை விட்டார்கள். 2017-ல் அணி மூன்றாம் நிலைக்கே சரிந்து, மறு ஆண்டு மீண்டது. வெங்கீஸ் பணம் போடாமல் இருக்கவில்லை. ஆண்டுதோறும் நட்டத்தை ஈடுகட்டினார்கள். ஆனால் பிற்காலத்தில் இந்தியாவிலிருந்து அந்தப் பணத்தை அனுப்பவே நீதிமன்றத்தின் அனுமதியை நாடவேண்டி வந்தது. லங்காஷயரில் ஒரு வீரரை வாங்குவதா விற்பதா என்பது தில்லியில் நடக்கும் வழக்கைப் பொறுத்ததாயிற்று.

ஒகேனக்கல் பரிசல்காரரின் நிலைமையும் இதுதானே? மேலே அணையில் திறந்தால் இங்கே வெள்ளம். மூடினால் வெறும் பாறை. இரண்டு நாளும் அவருக்குப் பிழைப்பில்லை. திறக்கும் கை நல்ல கையா கெட்ட கையா என்பது அவருக்கு இரண்டாம் கேள்வி. எவ்வளவு நீர், எப்போது என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் தனக்கு ஒரு குரல் உண்டா என்பதே முதல் கேள்வி.

வாக்கரும் வெங்கீஸும் ஒரே நாற்காலியில் அமர்ந்தவர்கள். வாக்கர் ஊர்மேல் பற்றுக் கொண்டவர் என்பது பிளாக்பர்னுக்கு வாய்த்த நல்லூழ். அவர் 2000-ல் மறைந்த பிறகு நாற்காலி மட்டும் எஞ்சியது. அடுத்து அதில் யார் அமர்வது என்பதில் ஊருக்கு எந்தச் சொல்லும் இல்லை. நல்ல உரிமையாளர் வேண்டும் என்று வேண்டிக்கொள்வது நல்ல அரசன் வேண்டும் என்று வேண்டிக்கொள்வதைப் போன்றது.

அரசன் என்றதும் நினைவு வருகிறது. ஒகேனக்கல் இருக்கும் தருமபுரி, பழைய தகடூர் நாடு. அதியமான் நெடுமான் அஞ்சியின் மண். நெல்லிக்கனிக் கதையை மேடைதோறும் சொல்கிறோம். புரவலருக்கு இலக்கணம் அதியமான் என்கிறோம். ஆனால் அதே அதியமான் பரிசில் தரத் தாமதித்தபோது அவன் வாயிலோனிடம் ஔவை சினந்து பேசியதும் புறநானூற்றில் இருக்கிறது. எங்கே போனாலும் தன் கலைக்குச் சோறு உண்டு என்று யாழைக் கட்டிக்கொண்டு கிளம்பும் நிமிர்வு அது. புரவலனுக்கும் புலவனுக்குமான உறவில் மானம் மிஞ்சியதற்குக் காரணம், புலவனுக்கு வேறு வாசல்கள் இருந்தன என்பதே.

ரசிகனுக்கு வேறு வாசல் கிடையாது. மோகன் பகான் ரசிகரை நாளை முதல் ஈஸ்ட் பெங்காலை ஆதரியுங்கள் என்று சொல்லமுடியுமா? புரவலனை விட்டுப் போகமுடியாத புலவன், புலவன் அல்லன், குடிமகன். குடிமகனுக்குத் தேவை பரிசில் அன்று, உரிமை.

இதைக் கல்கத்தா ரசிகர்கள் அனுபவத்தில் கற்றார்கள். 1889-ல் பிறந்த மோகன் பகானின் கால்பந்துப் பிரிவு 2020-ல் தொழிலதிபர் சஞ்சீவ் கோயங்காவின் குழுமத்திடம் 80 விழுக்காடு போயிற்று. பெயருக்கு முன்னால் 'ஏடிகே' ஒட்டிக்கொண்டது. ரசிகர்கள் பணத்தை எதிர்க்கவில்லை, அந்த மூன்று எழுத்துகளை எதிர்த்தார்கள். ஊர்வலம், பதாகை, புறக்கணிப்பு என்று மூன்று ஆண்டுகள் விடவில்லை. 2023 மார்ச்சில் கோப்பையை வென்ற கையோடு, 'ஏடிகே' நீக்கப்படும் என்று கோயங்கா அறிவித்தார். மகிழ்ச்சிதான். ஆனால் அதன் இடத்தில் வந்த 'சூப்பர் ஜயண்ட்' என்ற ஒட்டை யார் கேட்டார்கள்? அதுவும் உரிமையாளரின் விருப்பமே. போராட்டத்தால் கிடைத்தது ஒரு சலுகை, விதி மாறவில்லை.

மும்பை சிட்டியைப் பாருங்கள். 2019-ல் மான்செஸ்டர் சிட்டியின் தாய்க் குழுமம் 65 விழுக்காடு பங்குகளை வாங்கியது. உலகக் கால்பந்தில் அதைவிடச் செல்வமும் திறமையும் உள்ள உரிமையாளர் அரிது. கோப்பைகளும் வந்தன. 2025-ல் ஐ.எஸ்.எல். தொடரின் வணிக ஒப்பந்தம் முடிவுக்கு வந்து எதிர்காலம் குழம்பியபோது, அந்த டிசம்பரில் குழுமம் விலகிக்கொண்டது. அதே குழப்பத்தில், இருமுறை சாம்பியனான நம் சென்னையின் எஃப்.சி.யும் 2025 ஆகஸ்டில் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. முதலாளி என்றால் கணக்குப் பார்ப்பார். அதைத் துரோகம் என்று புலம்புவது நம் பேதைமை.

என்னதான் செய்வது என்று கோவைக்காரர் கேட்டார். ஜெர்மனியில் 1998 முதல் ஒரு விதி உண்டு: சில விதிவிலக்குகள் தவிர, கழகத்தின் வாக்குரிமையில் பாதிக்கும் மேலானது உறுப்பினர்களிடமே இருக்கவேண்டும். முதலாளி பணம் போடலாம், ஆளமுடியாது. இதற்கும் விலை உண்டு. ஐரோப்பியக் கோப்பைகளில் பிற நாட்டுச் செல்வத்தோடு பெரும்பாலான ஜெர்மானிய அணிகள் திணறுவது கண்கூடு. ரசிகர் உடைமையும் சர்வரோக நிவாரணி அன்று. 2013-ல் போர்ட்ஸ்மத் கழகத்தை மீட்ட ரசிகர்களே 2017-ல் அதை ஓர் அமெரிக்கச் செல்வருக்கு விற்க வாக்களித்தார்கள். இருக்கட்டும். அவர்கள் வாக்களித்தார்கள் என்பதுதான் முக்கியம்.

கடைசியாக ஒன்று. இதே ஒகேனக்கல்லிலிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு இன்று குடிநீர் போகிறது. புளோரைடு கலந்த நிலத்தடி நீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்ட ஊர்களுக்காக ஜப்பானியக் கடனில் நிறைவேறி, 2013-ல் தொடங்கிவைக்கப்பட்ட திட்டம் அது. வெளியார் பணம்தான். ஆனால் எழுதப்பட்ட ஒப்பந்தத்தோடு வந்த பணம். கடன் கொடுத்தவர் நாளைக்கு மனம் மாறிக் குழாயைப் பிடுங்கிக்கொண்டு போகமுடியாது.

எனவே அடுத்த செல்வர் நம் ஊர் அணியை வாங்க வரும்போது மாலையும் வேண்டாம், கறுப்புக்கொடியும் வேண்டாம். பெயரையும் நிறத்தையும் ஊரையும் ரசிகர்கள் ஒப்பாமல் மாற்றமாட்டேன் என்று எழுதித் தருவாரா? போகும்போது இத்தனை நாள் முன்னறிவிப்பு என்று ஒப்புக்கொள்வாரா? நிர்வாகக் குழுவில் ரசிகர்களுக்கு ஓர் இருக்கை உண்டா? இந்த மூன்றையும் கேட்போம். எழுதித் தந்தால் அவர் பணக்காரராக இருப்பதில் நமக்கு ஒரு வருத்தமும் இல்லை.

மறுநாளும் பரிசல் விடவில்லை. பேருந்து ஏறிப் பென்னாகரம் வழியாகத் திரும்பினோம். கோவைக்காரர் அப்போதும் சொல்லிக்கொண்டிருந்தார்: "முதலில் ஒருவன் வரட்டும், பிறகு கேட்டுக்கொள்வோம்." அப்படித்தான் ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறோம்.