எஃப்2.8 எஃப்5.6 ஆகிவிடாது

மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராவுக்கு 12-40 மி.மீ எஃப்2.8 லென்ஸ் வாங்கப் போவதாக யாராவது வாயைத் திறந்தால் போதும், பக்கத்தில் இருப்பவர் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். "அது பேருக்குத்தான் 2.8. ஃபுல் ஃப்ரேம் கணக்குல பார்த்தா 24-80 எஃப்5.6. கிட் லென்ஸ் ரேஞ்சுக்கு எதுக்குப்பா இவ்வளவு காசு?" கடைக்காரர்கள் சொல்கிறார்கள், கல்யாண போட்டோகிராஃபர்கள் சொல்கிறார்கள், கேமராவே வாங்காதவர்களும் சொல்கிறார்கள். கணக்கில் தவறில்லை. அந்தக் கணக்கை வைத்து லென்ஸுக்கு எழுதும் தீர்ப்பில்தான் கோளாறு.

பேச்சு எந்த லென்ஸைப் பற்றியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒலிம்பஸ் நிறுவனம் 2013இல் ஈ-எம்1 கேமராவோடு சேர்த்து வெளியிட்ட எம்.ஸூய்கோ 12-40 மி.மீ ப்ரோ. அவர்களுடைய 'ப்ரோ' வரிசையில் முதலாவது. 9 தொகுதிகளில் 14 கண்ணாடிகள், 382 கிராம் எடை, 62 மி.மீ ஃபில்டர். ஒலிம்பஸின் கேமராத் தொழில் 2021இல் ஓஎம் டிஜிட்டல் சொல்யூஷன்ஸ் கைக்குப் போன பிறகு, 2022இல் இதன் இரண்டாம் பதிப்பு வந்தது. எடையும் அளவும் அப்படியே, கோட்டிங்கும் நீர்த்தடுப்பும் மேம்பட்டன.

முதலில் எதிர்த் தரப்பின் நியாயம். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சார் 17.3க்கு 13 மி.மீ. ஃபுல் ஃப்ரேம் 36க்கு 24. பரப்பளவில் ஏறக்குறைய கால் பங்கு. 40 மி.மீட்டரை 2.8ஆல் வகுத்தால் லென்ஸ் வழியாக ஒளி நுழையும் வாசலின் விட்டம் 14.3 மி.மீ. 80ஐ 5.6ஆல் வகுத்தாலும் அதே 14.3. ஒரே இடத்தில் நின்று ஒரே காட்சியை எடுத்தால் இரண்டும் உள்ளே விடும் மொத்த ஒளி சமம், பின்னணி மங்கலும் சமம். இதை மறுப்பவர் இயற்பியலை மறுக்கிறார். நான் மறுக்கவில்லை.

ஆனால் "2.8 என்று எழுதியிருப்பதே பொய்" என்று அடுத்த அடி எடுத்து வைக்கிறார்களே, அங்கே நிறுத்த வேண்டியிருக்கிறது. எஃப் எண் ஒரு விகிதம். சென்சாரின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதை அது சொல்கிறது. எக்ஸ்போஷர் என்பது அவ்வளவுதான். கையில் பிடிக்கும் லைட் மீட்டர் ஐஎஸ்ஓவையும் ஷட்டர் வேகத்தையும் கேட்கும், சென்சார் அளவைக் கேட்காது. ஐஎஸ்ஓ 800, 1/160 நொடி, எஃப்2.8 என்று வைத்தால் இரண்டு கேமராவிலும் படம் ஒரே வெளிச்சத்தில் வரும். பெரிய ஃபிலிம் கேமராக்கள் கோலோச்சிய காலத்தில் ஹாசல்பிளாட்டின் 80 மி.மீ எஃப்2.8தான் அந்த உலகத்தின் சாதாரண லென்ஸ். அதைக் காட்டி, லைக்காக்காரரின் 50 மி.மீ எஃப்2.8 உண்மையில் எஃப்5 என்று மீட்டர் வாசிப்பை யாரும் திருத்திக்கொண்டிருக்கவில்லை. இன்றைக்கு எல்லாவற்றுக்கும் அளவுகோலாகிவிட்ட 24க்கு 36 சட்டமே சினிமா ஃபிலிமின் ஒரு சட்டத்தை இரட்டிப்பாக்கி ஆஸ்கர் பர்னாக் உண்டாக்கியது. 1925இல் லைக்கா சந்தைக்கு வந்தபோது அதுதான் சின்னஞ்சிறு ஃபார்மட்.

சரி, எக்ஸ்போஷர் சமம், நாய்ஸ் சமமா? இல்லை. மொத்த ஒளி கால் பங்கு என்பதால் ஒரே தலைமுறை சென்சார்களை ஒரே ஐஎஸ்ஓவில், ஒரே எஃப் எண்ணில் வைத்துப் பார்த்தால் சின்ன சென்சார் இரண்டு ஸ்டாப் பின்தங்கும். ஐஎஸ்ஓ 3200இல் அங்கே வரும் கிரெயின்ஸ் இங்கே 800லேயே வந்துவிடும். ஆனால் இந்த இரண்டு ஸ்டாப் லாபம் கைக்கு வர ஒரு நிபந்தனை உண்டு. ஃபுல் ஃப்ரேம்காரர் எஃப்2.8இலேயே எடுக்க வேண்டும். எடுக்கிறாரா?

முகூர்த்த நேரத்தை எடுத்துக்கொள்வோம். கெட்டிமேளம் முழங்குகிறது. மேடையில் இடம் பிடித்து, மணப்பெண்ணிலிருந்து இரண்டரை மீட்டரில் 70 மி.மீட்டரில் நிற்கிறீர்கள். சட்டத்துக்குள் பெண்ணின் முகம், கழுத்துக்குப் பின்னால் மாப்பிள்ளையின் விரல்கள், அதற்கும் பின்னால் அடுத்த முடிச்சுப் போடக் குனிந்திருக்கும் நாத்தனாரின் முகம். பெண்ணின் கண்ணிலிருந்து நாத்தனாரின் கண்ணுக்கு ஒன்றேகால், ஒன்றரை அடி இருக்கும். ஃபுல் ஃப்ரேமில் எஃப்2.8இல் தெளிவாக வரும் ஆழம் வழக்கமான கணக்குப்படி சுமார் 21 செ.மீ. பெண்ணின் முகம் விழும்; தாலி முடியும் விரல்கள் பாதி கரையும்; நாத்தனார் வெறும் பட்டுச்சேலைக் கலராகிவிடுவார். ஆல்பம் வரும்போது "என் முகம் ஏன் இப்படி இருக்கு" என்று முதலில் கேட்கப்போகிறவரும் அவர்தான். விவரம் தெரிந்த போட்டோகிராஃபர் எஃப்5.6க்குப் போவார். ஆழம் 43 செ.மீ ஆகும். ஷட்டர் வேகத்தைக் குறைக்க முடியாது, அட்சதை பறக்கிறது, கைகள் அசைகின்றன. ஆக ஐஎஸ்ஓவை 800லிருந்து 3200க்கு ஏற்றுவார். ஃபிளாஷ் போடுகிறவர் என்றால், ஐஎஸ்ஓவைத் தொடாவிட்டால் நாலு மடங்கு சக்தி வேண்டும், அடுத்த ஷாட்டுக்குள் அது சார்ஜ் ஆகவும் வேண்டும்.

12-40 வைத்திருப்பவர் 35 மி.மீட்டரில், எஃப்2.8இல், ஐஎஸ்ஓ 800இல் அதே 43 செ.மீ ஆழத்தோடு, ஏறக்குறைய அதே நாய்ஸோடு அந்தப் படத்தை எடுத்துவிட்டு அடுத்ததற்குத் திரும்பியிருப்பார். இரண்டு ஸ்டாப் லாபம் எங்கே போனது? ஆழத்துக்கு விலையாகப் போய்விட்டது. குரூப் போட்டோ, சடங்குகள், பந்தி, மண்டபம் முழுக்கத் தெரியும் அகலப் படங்கள் என்று ஸ்டாண்டர்ட் ஜூம் அதிகம் உழைக்கும் இடங்களில் பெரும்பாலும் இந்தக் கதைதான்.

"பேக்ரவுண்ட் கரையாது" என்பது அடுத்த குற்றச்சாட்டு. அந்த அளவுக்குக் கரையாது, உண்மை. ஒற்றை முகத்தை எடுத்துப் பின்னணியை வெண்ணெயாக உருக்குவதுதான் தொழில் என்றால் ஸ்டாண்டர்ட் ஜூமே தவறான கருவி; 24-70 வைத்திருப்பவரும் அதற்கு 85 எஃப்1.8ஐத்தான் மாட்டுவார். இந்தப் பக்கமும் 116 கிராமில் 45 மி.மீ எஃப்1.8 இருக்கிறது, 2011 முதல்.

எடைதான் இந்த வழக்கில் ருசியான பகுதி. சோனியின் முதல் 24-70 எஃப்2.8 ஜி மாஸ்டர் 886 கிராம், நிக்கான் இசட் 805, கேனன் ஆர்எஃப் 900. இவற்றின் பக்கத்தில் 382 கிராமை வைத்து மார்தட்டுவது மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் ரசிகர்களின் பழக்கம். அதுவும் பாதி நியாயம்தான். எஃப்5.6க்குச் சமம் என்பதை ஒப்புக்கொண்ட பிறகு எஃப்2.8 ஃபுல் ஃப்ரேம் லென்ஸோடு எடையை ஒப்பிடுவது அழுகுணி ஆட்டம். நிக்கான் இசட் 24-70 எஃப்4 வெறும் 500 கிராம், நல்ல கூர்மையும் உண்டு. சோனியின் 2022 பதிப்பு ஜி மாஸ்டர் 695க்கு இறங்கிவிட்டது. 2024இல் வந்த சோனி 24-50 எஃப்2.8 இன்னும் கீழே, 440 கிராம். எதிர்த் தரப்பு இந்த லென்ஸ்களைக் காட்டி வாதாடியிருந்தால் எனக்கு வேலை கடினமாகியிருக்கும். அவர்களோ வெறும் எஃப் எண்ணைக் காட்டி 'கிட் லென்ஸ்' என்கிறார்கள்.

கிட் லென்ஸில் இருக்காதவை இதில் என்னென்ன என்று பாருங்கள். ஜூம் செய்தாலும் அப்பர்ச்சர் மாறாது. உலோக உடல், மழைத்தூறலுக்கு அஞ்சாத சீலிங். ஃபோகஸ் வளையத்தைப் பின்னால் இழுத்தால் தூர அளவுகள் தெரியும், உடனே மேனுவல் ஃபோகஸ். (பையிலிருந்து எடுக்கும்போது இந்த வளையம் தானாகப் பின்னுக்கு நகர்ந்து, ஆட்டோஃபோகஸ் செத்துப்போனதாகப் பதறவைக்கும். இந்த லென்ஸில் எனக்குப் பிடிக்காத விஷயம் இதுதான்.) எல்லாவற்றுக்கும் மேல், 20 செ.மீ வரை நெருங்கலாம். உருப்பெருக்கம் 0.3. சின்ன சென்சாரில் 0.3 என்றால் சட்டத்தின் முழு அகலத்துக்குள் அடங்குவது சுமார் 58 மி.மீ: ஒரு மோதிர விரல், மருதாணிக் கோலத்தின் ஒரு மூலை, ஒரு தாலிக்கொத்து. சோனியின் முதல் ஜி மாஸ்டரில் அது 0.24, அதாவது அகலம் 150 மி.மீ. கிராப் கணக்கை எஃப் எண்ணுக்குப் போடுகிறவர்கள் இந்த உருப்பெருக்கத்துக்கு மட்டும் ஏன் போடுவதில்லை என்று எனக்குப் புரிந்ததில்லை. போட்டால் 0.6 வரும்.

"லென்ஸின் வளைவை சாஃப்ட்வேர்தான் நிமிர்த்துகிறது, அது ஏமாற்று" என்பதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 12 மி.மீ முனையில் நேர்கோடுகள் வளைவது உண்மை, கேமரா அதைத் திருத்துவதும் உண்மை. 2008இல் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் தொடங்கியபோதே அதன் வடிவமைப்பில் இருந்த ஏற்பாடு இது. அன்றைக்குச் சிரித்த ஃபுல் ஃப்ரேம் உலகம் இன்று அதே வழியில் நடக்கிறது. கேனனின் ஆர்எஃப் 14-35 எஃப்4 சிவப்பு வளையம் போட்ட எல் லென்ஸ்தான். திருத்தத்தை நீக்கிப் பார்த்தால் அகல முனையில் மூலைகள் இருண்டு கிடக்கும். பிரிண்டில் கோடு நேராகவும் மூலை கூர்மையாகவும் இருந்தால் அதைக் கண்ணாடி செய்ததா கணிப்பொறி செய்ததா என்று எந்த வாடிக்கையாளரும் கேட்கப்போவதில்லை.

கேமரா உடலில் இருக்கும் ஐந்து அச்சு ஸ்டெபிலைசேஷனைப் பற்றி இந்தப் பக்கத்தார் அளவுக்கு மீறியே பேசுகிறார்கள். முக்காலி வைக்க விடாத மண்டபத்தில் கல்தூணைக் கால் நொடியில் கையில் பிடித்தே எடுக்கலாம், சரி. தூண் நகராது. ஆள் நகர்வார்.

அங்கேதான் எதிர்த் தரப்பு ஜெயிக்கிறது. அரங்கேற்றம், சபாவின் மங்கலான மேடை, பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள், ஆடுகிறவர் சுழல்கிறார், ஷட்டர் 1/500க்குக் குறையக் கூடாது. 70 மி.மீட்டரில் எஃப்2.8இலேயே எட்டரை மீட்டரிலிருந்து பன்னிரண்டு மீட்டர் வரை ஆழம் கிடைப்பதால் ஃபுல் ஃப்ரேம்காரர் அப்பர்ச்சரைச் சுருக்கவே வேண்டாம். இரண்டு ஸ்டாப்பும் முழுசாக அவர் பைக்குள் விழும், அவர் படத்தில் கிரெயின்ஸ் குறைவாகவே இருக்கும். மாதத்துக்கு நாலு நாட்டியக் கச்சேரி எடுக்கிறவர் என்னிடம் கேட்டால் 12-40ஐ வாங்கச் சொல்ல மாட்டேன். 75 மி.மீ எஃப்1.8 பார்க்கச் சொல்வேன், இல்லையென்றால் ஃபுல் ஃப்ரேமுக்கே போகச் சொல்வேன்.